சொன்னவர் பெயர்

டீச்சரின் நோட்டில் ஒவ்வொரு பக்கமும் மூன்றாகப் பிரிக்கப்பட்டிருந்தது. சிவப்பு மையில், அடிக்கோல் வைத்து இழுத்த கோடுகள். இடப்பக்கம் சொல், நடுவில் அதன் பொருள். வலது ஓரத்தில், இரண்டு விரல் அகலத்துக்கு, 'சொன்னவர்' என்று தலைப்பிட்ட ஒரு பகுதி. 'பார்: கடலுக்கு அடியில் இருக்கும் பாறைத்திட்டு, சிப்பியும் சங்கும் பிடிக்கிற இடம். சொன்னவர் சந்தியாகு, சங்கு குளிப்பவர்.' இப்படியே நானூற்றுக்கு மேற்பட்ட சொற்கள். சில இடங்களில் சொன்னவர் இரண்டு பேர். சில இடங்களில் 'சவரிமுத்து சொன்னது. மிக்கேல் ஒப்பவில்லை' என்று இருந்தது. பல இடங்களில் 'அப்பா'. ஒரே ஒரு இடத்தில் 'அப்பா மட்டும். வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை'. தாளின் ஒரு பக்கத்தில் மட்டுமே எழுதி, மறுபக்கத்தை வெறுமையாக விட்டிருந்தார். பின்னால் ஏதாவது தெரிய வந்தால் சேர்த்துக்கொள்வதற்காக அந்த இடம்.

ஆராய்ச்சி என்றால் என்ன என்று யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. தூத்துக்குடியில் மாதா கோவிலுக்குப் பின்னால் இருந்த பெண்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். அவருடைய தகப்பனார் சங்கு குளிக்கப் போகும் தோணி ஒன்றுக்குத் தண்டல். தோணியை நடத்திச் செல்கிறவர். முத்துக்குளிப்பு நின்று பல வருஷங்கள் ஆகியிருந்தன. அந்தக் காலத்தில் மூழ்கியவர்களில் மிச்சமிருந்தவர்கள் மாலை வேளைகளில் தண்டலைப் பார்க்க வருவார்கள். பேச்சில் விழுகிற சொற்களை மகள் எழுதி வைத்துக்கொண்டார். எதற்காக என்று பிற்பாடு ஒரு முறை கேட்டேன். "மறந்து போயிரும்லா சார்" என்றார். அவ்வளவுதான்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. தூத்துக்குடிக்குப் பக்கத்தில், புதுக்கோட்டையில் கருப்பட்டி வியாபாரம் செய்துவந்த குடும்பத்தில் முதன்முதலாக எம்.ஏ. படித்தவன். ஒரு கல்லூரியில் ட்யூட்டராக இருந்தேன். விரிவுரையாளர் ஆவதற்கு மேற்பட்டம் வேண்டும், அதற்கு ஓர் ஆய்வேடு எழுத வேண்டும். முத்துக்குளிக்கும் கரையின் சொற்கள் என்று தலைப்பைப் பதிவு செய்துவிட்டு, மூன்று முறை கடற்கரைக்குப் போனேன். வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பென்சிலும் தாளுமாக நின்றவனிடம் யார் பேசுவார்கள்? கேட்டதற்கு ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டு அவர்கள் வலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். மூன்று தடவையும் சேர்த்து எனக்குக் கிடைத்தவை பதினோரு சொற்கள்.

என் தங்கை அதே பள்ளியில் ஆசிரியை. நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அவள்தான் சொன்னாள்: "அண்ணே, எங்க மூணாங் கிளாஸ் டீச்சர் ஒரு நோட்டு வச்சிருக்காவ. கடல் வார்த்தையா எழுதி நெறச்சிருக்காவ. கேட்டுப் பாக்கட்டா?"

மறுநாள் நோட்டோடு வந்தாள். டீச்சர் சொல்லி அனுப்பிய நிபந்தனைகள் இரண்டு. ஒரு மாதத்தில் திருப்பித் தந்துவிட வேண்டும். எந்தச் சொல்லை எடுத்தாலும் அதைச் சொன்னவர் பெயரையும் சேர்த்து எடுக்க வேண்டும். "பேரு வெளங்கலன்னா கேக்கச் சொல்லுங்க, நான் விசாரிச்சுச் சொல்லுதேன்னாவ" என்றாள் தங்கை. நான் அவளுக்குத் தலையாட்டினேன்.

முதல் கையெழுத்துப் படியில் அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் செய்தேன். இதை என் பெருமைக்காகச் சொல்லவில்லை. எது சரி என்று தெரிந்தே பிறகு நடந்துகொண்டேன் என்பதற்காகச் சொல்கிறேன். ஆய்வேட்டுக்கு விதிகள் இருந்தன. ஆங்கிலத்தில் எழுத வேண்டும். ஃபுல்ஸ்கேப் தாள், இடப்பக்கம் ஒன்றரை அங்குலம் விட வேண்டும், வரிக்கு வரி இரட்டை இடைவெளி. எடுத்தாண்ட ஒவ்வொன்றுக்கும் மேலே சின்ன எண் கொடுத்து, பக்கத்தின் கீழே கோடு போட்டு, ஆசிரியர் பெயர், நூலின் பெயர், பதிப்பு, ஆண்டு, பக்கம் என்று வரிசையாக எழுத வேண்டும். கமாவுக்குப் பதிலாகப் புள்ளி விழுந்தால்கூட என் பேராசிரியர் சிவப்புப் பென்சிலால் சுழித்துவிடுவார். நான் கொண்டுபோன படியில் பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பில் சந்தியாகுவும் சவரிமுத்துவும் மிக்கேலும் இருந்தார்கள். பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"இந்தச் சந்தியாகு எந்த நூலுக்கு ஆசிரியர்?"

நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

ஆனால் பேராசிரியர் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் தப்ப முடியாது. சிரித்து முடித்த பிறகு அவர் சரியான வழியையும் சொன்னார். அடிக்குறிப்பில் வேண்டாம், கடைசியில் பின்னிணைப்பாகச் சொல்லையும் சொன்னவர் பெயரையும் பட்டியல் போட்டுவிடுங்கள், நோட்டுக்குச் சொந்தக்காரியான அந்த ஆசிரியைக்கு முன்னுரையில் ஒரு பத்தி எழுதி நன்றி சொல்லுங்கள், என்றார். கூடவே வேறொன்றும் சொன்னார். பரீட்சகராக வரப்போகிறவர் நேரில் அலைந்து திரட்டியதைத்தான் மதிப்பார், புத்தகத்தைப் பார்த்து எழுதியவர்களை வறுத்தெடுத்துவிடுவார் என்று. நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனது இந்த இரண்டாவதை.

யுத்த காலம். காகிதத்துக்குக் கடும் தட்டுப்பாடு. சொற்களை அகர வரிசைப்படுத்த நானூறு சீட்டுகள் வேண்டும், அவ்வளவு தாளுக்கு எங்கே போவது? டீச்சரின் நோட்டையே வரி வரியாக வெட்டினால் என்ன என்று தோன்றியது. ஒரு பக்கம்தானே எழுதியிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு, கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்து வெட்டினேன். சீட்டுகளை அடுக்க ஒரு பிஸ்கட் தகரப் பெட்டி இருந்தது. சீட்டு அதற்குள் அடங்கவில்லை. இரண்டு விரல் அகலம் நீண்டு நின்றது. ஓரத்தை மடித்திருக்கலாம். மடித்தால் பெட்டியில் அழகாக உட்கார்ந்திருக்கும். நான் மடிக்கவில்லை, வெட்டினேன். பெயர்களை வேறொரு தாளில் குறித்துக்கொண்டு வெட்டியிருக்கலாம், அதையும் செய்யவில்லை. வெட்டி முடித்ததும் என் பெட்டியில் நானூறு சொற்கள் இருந்தன, ஒன்றின் மேலும் யாருடைய பெயரும் இல்லை. பார்க்கிறவர்களுக்கு அது நான் அலைந்து சேர்த்த பெட்டி. கத்தரியை எடுக்கும்போதே இந்த நினைப்பு எனக்குள் இருந்ததா என்று பல வருஷம் என்னையே கேட்டிருக்கிறேன். இருந்தது. பாயில் கிடந்த துண்டுகளையும், அடிக்குறிப்பில் பெயர்கள் இருந்த பழைய கையெழுத்துப் படியையும் அம்மா முறத்தில் வாரிக்கொண்டு போய் அடுப்புப் பற்ற வைக்க வைத்துக்கொண்டாள்.

பட்டியலுக்கு இனி வழியில்லை. நன்றிப் பத்தி ஒன்றாவது மிச்சமிருந்தது. அதை ஒரு தனித்தாளில் எழுதி, துறைமுகத்துக்குப் பக்கத்தில் கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்த்த டைப்பிஸ்ட் அண்ணாச்சியிடம் மற்ற பக்கங்களோடு கொடுத்தேன். ஆபீஸ் வேலை முடிந்த பிறகு அவர்தான் என் ஆய்வேட்டை அடித்துக்கொண்டிருந்தார். மூன்று நாள் கழித்துப் போய் அந்தத் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

"ஏன் சார், அந்த டீச்சரம்மா பத்தி வேண்டாமா? நல்லா எழுதியிருந்தீயளே."

"முன்னுரை நீளமாப் போயிட்டு அண்ணாச்சி."

அவர் மிஷினில் தாளைச் செருகியபடியே, "நீளம் ஒண்ணும் இல்ல. ஒரு பக்கந்தான் வருது" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் நிற்கவில்லை. அந்தப் பத்தி இருந்த இடத்தில், 'இச்சொற்களைக் கரை நெடுகச் சென்று நேரில் கேட்டுத் திரட்டினேன்' என்ற ஆங்கில வாக்கியம் ஏறியது. கூடவே, எப்படிக் கேட்டேன், எத்தனை வருஷம் அலைந்தேன் என்றெல்லாம் நாலு வரி.

வாய்மொழித் தேர்வில் பரீட்சகருக்கு ஒரு சொல் மிகவும் பிடித்துப்போனது. 'சிணுங்காணி'. பெரிய அலை இல்லாமல், கடல் லேசாக நெளிந்துகொண்டே இருக்கும் நிலை என்று அதற்குப் பொருள் போட்டிருந்தேன். இந்தச் சொல்லை எங்கே கேட்டீர்கள் என்றார். எந்தச் சீட்டிலும் பெயர் இல்லாததால் எனக்கே அது நினைவில்லை. "சங்கு குளிப்பவர்களிடம், ஐயா. பல ஊர்களில்" என்றேன். அருமையான சொல், எவ்வளவு நாசூக்கான கண் இந்த ஜனங்களுக்கு என்று அவர் வியந்தார். நான் அடக்கமாகத் தலை குனிந்துகொண்டேன்.

பட்டம் கிடைத்தது. விரிவுரையாளர் ஆனேன். யுத்தம் முடிந்த பிறகு, ஆய்வேட்டையே தமிழில் எழுதி ஒரு பதிப்பாளர் மூலம் நூலாக வெளியிட்டேன். அதில் 'சிணுங்காணி'க்கு நேரே 'கரை நெடுக வழங்குவது' என்று ஒரு குறிப்பையும் சேர்த்தேன்.

இதற்கிடையில் டீச்சரின் தகப்பனார் காய்ச்சலில் இறந்துபோனார். அதற்குப் பிறகு தங்கை இரண்டு மூன்று தடவை கேட்டாள். "அந்த நோட்ட டீச்சர் கேக்காவ அண்ணே. அவிய அப்பா பேசுனது அதுல இருக்காம்." இன்று, நாளை என்று கடத்தினேன். கடைசியில் புதிய நோட்டு ஒன்று வாங்கி, என்னுடைய நல்ல கையெழுத்தில் நானூறு சொற்களையும் பொருளையும் எழுதி, நூலின் பிரதி ஒன்றோடு சேர்த்துத் தங்கையிடம் கொடுத்தனுப்பினேன். பழசுக்குப் புதுசு கொடுக்கிறோம் என்று எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது.

ஒரு வாரம் கழித்து, பள்ளி விட்ட நேரத்தில், தங்கையோடு டீச்சரே வந்தார். அதற்கு முன் நான் அவரைப் பார்த்ததில்லை. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்து, பையிலிருந்து நான் எழுதிய நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இது என் நோட்டு இல்லியே சார்."

"அது கொஞ்சம் கிழிஞ்சு போச்சு டீச்சர். அதனாலதான் புதுசா எழுதி..."

"கிழிஞ்சதையே குடுங்க. ஒட்டிக்கிடுதேன்."

தங்கை என்னைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் உள்ளே போய்ப் பிஸ்கட் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தேன். டீச்சர் ஒரு சீட்டை எடுத்தார். இன்னொன்றை எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து வலது ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"இங்கன பேரு இருந்துச்சே சார்."

மூன்றாவது சீட்டையும் எடுத்துப் பார்த்தார்.

"வெட்டுன துண்டெல்லாம் எங்க?"

"அடுப்புக்குப் போயிட்டு."

தங்கை "அண்ணே" என்றாள். டீச்சர் சீட்டுகளைப் பெட்டிக்குள் ஒழுங்காக அடுக்கி மூடினார். பிறகு என் நூலை எடுத்து, அடையாளம் வைத்திருந்த பக்கத்தைத் திறந்து என் பக்கமாகத் திருப்பினார்.

"இந்த வார்த்தைய நீங்க எங்க கேட்டீய?"

சிணுங்காணி. பரீட்சகர் கேட்டதும் இதே கேள்வி.

"கரை நெடுகச் சொல்லுதாங்கன்னு போட்டிருக்கீய. யாரும் சொல்ல மாட்டாங்க சார். எங்க அப்பா மட்டுந்தான் சொல்லுவாவ. சின்னதுல நான் எந்நேரமும் அழுதுக்கிட்டே இருப்பேனாம். என்னயக் கூப்பிடுத பேரு அது. கடல் அப்படிக் கெடந்தா, இன்னிக்குக் கடலம்மாவும் ஒன்னய மாதிரி சிணுங்காணியாக் கெடக்கான்னு சொல்லுவாவ. 'அப்பா மட்டும்'னு எழுதி வச்சிருந்தேனே."

வெட்டிப் போட்ட ஓரத்தில் அது இருந்தது. ஒரு வீட்டுக்குள், ஒரு தகப்பன் தன் மகளை அழைத்த பெயரை நான் கரை முழுவதற்கும் சொந்தமாக்கி அச்சில் ஏற்றியிருந்தேன். மன்னிப்புக் கேட்டேனா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அடுத்த பதிப்பில் அவருடைய பெயரைப் பெரிதாகப் போட்டுவிடுகிறேன் என்று ஏதோ உளறியது நினைவிருக்கிறது.

"என் பேரு எதுக்கு?" என்றார். "நானா சொன்னேன்? சொன்னவங்க பேரு போவணும். அதுல முக்காவாசிப் பேரு இப்ப உசிரோட இல்ல. அந்த நோட்டுல மட்டுந்தான் இருந்தாங்க."

பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பதிப்பாளருக்கு எழுதினேன். விற்காமல் கிடந்த பிரதிகளில் ஒட்டுவதற்கு ஒரு பிழைதிருத்தச் சீட்டு அச்சடிக்கச் சொன்னேன். 'சிணுங்காணி என்னும் சொல்லை நீக்கிப் படிக்கவும்.' ஏன் நீக்க வேண்டும், யார் செய்த பிழை என்பது அதில் இல்லை. விற்றுப்போன பிரதிகளை யார் திருத்துவது? அடுத்தடுத்த வருஷங்களில் வேறு இருவர் தங்கள் நூல்களில் அந்தச் சொல்லை எடுத்தாண்டார்கள். என் பெயர், நூலின் பெயர், ஆண்டு, பக்கம் எல்லாம் அடிக்குறிப்பில் முறைப்படி இருந்தன. ஒரு கமாகூடப் பிசகவில்லை.

தங்கை என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு சோற்றை மட்டும் வைத்துவிட்டுப் போவாள். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு சனிக்கிழமை அவளோடு பள்ளிக்குப் போனேன். பெயர்களைத் திரும்பச் சேர்க்க நானும் உதவுகிறேன் என்று டீச்சரிடம் சொன்னேன். பெட்டியைத் திறந்து வைத்தார்.

எட்டு மாதம், சனிக்கிழமைதோறும். ஒரு சீட்டை எடுத்து அவர் கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பார். நினைவு வந்தால் எனக்குச் சொல்வார், நான் எழுதுவேன். வராவிட்டால் சங்கு குளிக்கும் தோணிகள் கரைக்கு வரும் நேரம் பார்த்து, நாங்கள் மூன்று பேருமாகப் போவோம். அவரோடு போனபோதுதான் அந்த மனிதர்கள் பேசுவார்கள் என்பது எனக்குத் தெரிந்தது. கண் மங்கிப்போன ஒரு பெரியவர், "நான் சொன்னதா இருக்கும்ளா. இல்லன்னா மிக்கேலு சொல்லியிருப்பான். எம்பேரயே போட்டுக்கோ" என்றார். எனக்கு ஒரு பெயர் கிடைத்ததே என்று பென்சிலை வைத்தேன். டீச்சர் என் கையைத் தடுத்தார்.

"இருக்கும்னு சொன்னா எழுத முடியாது மாமா. நீங்க சொன்னீயளா?"

பெரியவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "நெனப்பு இல்லம்மா" என்றார். நெனப்பு இல்லாததை டீச்சர் எழுதவிடவில்லை. பட்டம் வாங்கியவன் நான். அந்த மணலில் நின்றுகொண்டு பென்சிலைச் சட்டைப் பையில் செருகினேன்.

நானூற்றில் நூற்றைம்பது போலத் தேறியது. மற்றவை தேறவில்லை. இரண்டாம் பதிப்புக்கு அச்சுப்படி வந்தபோது, பெயர் கிடைக்காத இடங்களில் 'சொன்னவர் தெரியவில்லை' என்று போட்டிருந்தேன். டீச்சர் அதைப் படித்துவிட்டு, "தெரியலன்னு போடாதிய சார். தெரிஞ்சிருந்துச்சு" என்றார்.

அதை எடுத்துவிட்டு அந்த இடங்களை வெறுமையாக விட்டேன். முன்னுரையில் நடந்ததை எழுதிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். எழுதியும் வைத்திருந்தேன். பேராசிரியருக்கு அது தெரிந்து கூப்பிட்டனுப்பினார். "இதை அச்சில் போட்டால் உங்கள் பட்டத்தையே கேள்வி கேட்பார்கள். வேலையும் போகும். யோசித்துக்கொள்ளுங்கள்" என்றார். யோசித்தேன். எனக்கு அப்போது கல்யாணமாகி, மனைவி பிள்ளைப்பேற்றுக்குப் போயிருந்தாள். முன்னுரையில் கடைசியில் இப்படி வந்தது: 'எதிர்பாராத காரணங்களால் சிலருடைய பெயர்கள் தவறிவிட்டன.' டீச்சருடைய முழுப் பெயரையும் போட்டு நன்றி சொல்லியிருந்தேன். அதைப் பார்த்தால் மனம் ஆறுவார் என்று நினைத்தேன்.

புத்தகம் வந்ததும் முதல் பிரதியை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். வகுப்பு வாசலில் நின்றபடியே முன்னுரையைப் படித்தார். அவருடைய பெயர் இருந்த வரியில் கண் நிற்கவில்லை. கீழே வந்து அந்த வாக்கியத்தில் நின்றது.

"தவறிட்டா?" என்றார். "யாரு தவற விட்டது சார்?"

உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் புத்தகத்துக்கு நன்றி சொல்லி வகுப்புக்குள் போய்விட்டார். அதற்குப் பிறகு என் வீட்டுக்கு அவர் வந்ததில்லை. கல்யாணம், கோவில் திருநாள் என்று தங்கையைப் பார்க்க வந்தால்கூட, நான் இல்லாத நேரமாகப் பார்த்து வருவார். போன வருஷம் காலமானார். அடக்கத்துக்குப் போய்ப் பின்வரிசையில் நின்றுவிட்டு வந்தேன்.

நான் ஓய்வு பெற்றும் நெடுநாளாயிற்று. ஆய்வு மாணவர்கள் இன்னும் வருகிறார்கள். அடிக்குறிப்பில் எது முன்னால் வர வேண்டும், எது பின்னால் என்று கேட்பார்கள். சொல்லித் தருவேன். இந்த மாதம் ஓர் இளைஞர், பதிப்பகம் வைத்திருப்பவர், அந்த நூலை மறுபடி வெளியிட விரும்புவதாகவும், இரண்டு பக்கத்துக்குக் குறையாமல் புதிய முன்னுரை ஒன்று வேண்டும் என்றும் எழுதியிருந்தார். டீச்சருடைய முழுப் பெயரை நூலாசிரியர் இடத்தில் எழுதி, என்னுடையதை அடித்துவிட்டு, முன்னுரையாக மூன்று வரி மட்டும் அனுப்பியிருக்கிறேன்: 'இந்தச் சொற்களைச் சேர்த்தவர் இவர். ஒவ்வொன்றையும் சொன்னவர் யார் என்று இவர் எழுதி வைத்திருந்தார். அந்தப் பெயர்களை வெட்டி எறிந்தவன் நான்.'